அறுபத்திரண்டு கிலோ

ஞாயிறு விடியுமுன் ராயக்கோட்டைச் சந்தையில்
தக்காளிக் கூடைகள் லாரி ஏறுகின்றன.
கூடை நிறுக்கும் தராசிலேயே
எங்களையும் ஒவ்வொருவராக நிறுத்தினாள் பெலிசித்தா.
எலத்தகிரிக்காரி. வாரநாளில்
ரத்தம் எடுக்கும் வேலை.
ஊசி குத்தும் அதே குரலில்தான்
மலையிலும் பேசுவாள்:
"வலிக்கும். கையை எடுக்காதீங்க."

ஏறுகிறவர் விழுந்தால்
கீழே பிடிக்கிறவர் பறந்துவிடக் கூடாது,
ஆகவே எடை ஒத்தவர்கள் ஜோடி.
நான் அறுபத்திரண்டு.
இன்னோர் அறுபத்திரண்டு யாரென்று திரும்பினால்
திம்மராஜ்.

மாதா மாதம் ஏழாம் தேதி
ஒன்பது இருபதுக்கு என்னை அழைக்கும் குரல்.
"சார், இன்னிக்குக் கட்டிடுவீங்களா சார்?"
முதல் சாரில் பணிவு,
இரண்டாம் சாரில் கத்தி.
லேத் மெஷின் கடனுக்காக இரண்டு தடவை
பட்டறை வாசலில் வந்து நின்று
என் பையன்கள் பார்க்க
செல்போனில் என் நிலுவையைப் பெரிதாக்கிக் காட்டியவன்.

ஒரு கணம்
இரண்டு பேருமே மலையைப் பார்த்தோம்.

அவரவர் முடிச்சை
அடுத்தவர் சோதிக்க வேண்டும் என்பது சங்கத்து விதி.
அவன் இடுப்புவாரில் எட்டு முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன்.
விரலுக்குப் பின்னால்
அவன் வயிறு துடித்தது.
நோட்டீஸ் அனுப்புகிற ஆளுக்கும்
வயிறு இருக்கிறது.

கோட்டைக்குப் போகும் படிக்கட்டு அந்தப் பக்கம்.
எங்களுக்கு இந்தப் பக்கம்,
ஆடுகூட யோசிக்கும் மொட்டைப் பாறை.
பட்டறையில் அரை மில்லி பிசகினால்
பீஸ் திரும்பி வந்துவிடும்.
இங்கே அந்த அரை மில்லி பிசகுதான்
கால் வைக்க இடம்.

உச்சி வளையத்தில் புகுந்து
திரும்பி வருகிறது கயிறு.
அவன் ஒரு முழம் ஏற
தளர்ந்த ஒரு முழத்தை
நான் வசூலிக்க வேண்டும்.
வசூலித்தேன்.
நாள் தவறாமல், பாக்கி வைக்காமல்.

முப்பதடியில் நின்றுவிட்டான்.
முழங்கால் தையல் மெஷின் போல ஆடியது.
"இறுக்குங்க சார்!"
பிறகு, வேறு ஏதோ குரலில்,
"சார்..."

விழுந்தான்.

குதிகால் இரண்டும் தரையை விட்டன.
தொடையில் வார் கடித்தது.
உள்ளங்கையில் நெருப்பு.
அதற்குள் பிடி இறுகி
அவன் தொங்குகிறான், மெல்லச் சுற்றுகிறான்,
ஒரு பக்கம் ஓசூர் ரோடு, ஒரு பக்கம் பாறை,
மறுபடி ஓசூர் ரோடு.

பொய் சொல்லமாட்டேன்.
'இந்த மாசம் மட்டும் பத்து நாள் டைம்'
என்பது நாக்கு நுனி வரை வந்தது.
இதைவிட நல்ல சமயம் எந்த ஆபீசில் கிடைக்கும்?

"கீழே இருக்கிறவர் வாயைத் திறக்காதீங்க,
கயிறைப் பாருங்க," என்றாள் பெலிசித்தா.

அடுத்து நான்.
ஏறியதை விடுங்கள். இறங்குவதுதான் பாடம்:
பாறையை விட்டு இரண்டு கையையும் எடுத்து
இல்லாத நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும்.
ஜாமீன் கேட்டபோது
பேனா எழுதவில்லை என்றான் சொந்த மச்சான்.
இந்த உடம்புக்கு இப்போது ஜாமீன்
கீழே நிற்கும் நீலச்சட்டை.
கண்ணை மூடிக்கொண்டு
உட்கார்ந்தேன்.

உச்சியில் வெள்ளரிக்காயை உடைத்து
பெரிய பாதியை என்னிடம் நீட்டினான்.
கீழே சேலம் ரயில் தீப்பெட்டி தீப்பெட்டியாகப் போனது.
"லேத் ஓடுதா?"
"ஓடுது. பெல்ட் மாத்தணும்."
வேறு பேச்சில்லை.
உப்பு மட்டும் கை மாறியது.

ஏழாம் தேதி. ஒன்பது இருபது.
சரியாக அடித்தது போன்.
"சார்," என்றான்.
இரண்டாம் சாருக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
உள்ளங்கைக் கோடு இன்னும் ஆறாத கையால்
போனை மாற்றிப் பிடித்து
"பன்னிரண்டாம் தேதி," என்றேன்.
"எழுதிக்கிறேன்."
வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.
அப்புறம்,
"கவலைப்பட்டு எடை குறைஞ்சிடாதீங்க,
ஞாயித்துக்கிழமை இருக்கு,
சார்."